மேக்ஸின் பாட்டும் லூகஸின் மௌனமும்

ஒரு கல்லறைக்கு முன்னால் உட்கார்ந்து, செத்துப்போன அண்ணனுக்கு எழுதிய கடிதத்தை ஒரு பெண் பிள்ளை வாய்விட்டு வாசிக்கிறாள். கூட்டாளிகள் கொஞ்சம் தள்ளிக் காத்திருக்கிறார்கள். வாசித்து முடித்த பிறகும் அவள் அந்த இடத்தை விட்டு வரவில்லை. ஓடிப் போய்ப் பார்த்தால், விழிகள் மேலே செருகிக் கிடக்கின்றன, கூப்பிட்டால் கேட்கவில்லை. "ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்" தொடரின் நான்காம் பருவத்தில், நான்காம் அத்தியாயத்தில் வரும் காட்சி இது. அத்தியாயத்தின் பெயர் "அன்புள்ள பில்லி". எழுதியவர் பால் டிக்டர், இயக்கியவர் ஷான் லெவி. 2022 மே 27 அன்று நெட்ஃபிளிக்ஸில் வெளியானது.

தொடரின் ஆகச் சிறந்த அத்தியாயம் இதுதான் என்று சொல்பவர்கள் நிறையப் பேர். மலேசியாவின் கம்போங் மேடானில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டில், பதினைந்து வயது அக்கா மகளோடு உட்கார்ந்து இரண்டாம் முறையாக முழுவதும் பார்த்தேன். அப்படிப் புகழ்பவர்கள் சொல்வதில் பாதி சரி. மறுபாதியைப் பற்றி யாரும் பேசாமலிருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1986 மார்ச், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஹாக்கின்ஸ் என்ற கற்பனைச் சிற்றூர். வெக்னா என்றொரு தீய சக்தி இளசுகளைக் குறிவைக்கிறது. தலைவலி, மூக்கில் ரத்தம், எங்கிருந்தோ கடிகாரம் அடிக்கும் சத்தம். பிறகு உடம்பு அந்தரத்தில் உயர்ந்து, எலும்பு ஒவ்வொன்றாக முறியும். மனதுக்குள் குற்ற உணர்வைப் பூட்டி வைத்திருப்பவர்கள்தான் அதன் இரை. கல்லறைக்கு முன்னால் கடிதம் வாசித்த மேக்ஸ் அப்படிப் பூட்டி வைத்திருக்கிறாள். அவளுடைய மாற்றாந்தந்தையின் மகன் பில்லி, முந்தைய ஆண்டு ஜூலை 4 அன்று அவள் கண்ணெதிரே செத்தான். அவனைக் காப்பாற்ற முடியவில்லையே என்ற வேதனை அவளுக்கு. அதற்கும் அடியில் இன்னொன்று கிடக்கிறது. அவன் செத்ததில் தனக்குள் எங்கோ ஒரு நிம்மதி இருந்ததோ என்ற பயம். பில்லியின் உருவத்தில் வந்து வெக்னா அதைத்தான் தோண்டி எடுக்கிறது.

இந்த இடத்தில் எழுத்தின் தரத்தைக் கவனிக்க வேண்டும். நம்முடைய பேய்க் கதைகளில் தண்டனைக்கு ஒரு நியாயம் இருக்கும். 1990களின் கடைசியில் சன் டிவியில் வந்த "விடாது கருப்பு" நினைவிருக்கிறதா? இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கிய தொடர். அங்கே கருப்பு தண்டிக்கிறது என்றால் தப்பு செய்தவனைத்தான் தண்டிக்கிறது. ஊரே அப்படித்தான் நம்புகிறது. அந்த நம்பிக்கைக்குப் பின்னால் இருப்பது உடைந்துபோன ஒரு மனம் என்று பிற்பாடு தெரியவரும்போதுதான் அந்தத் தொடர் உயரத்துக்குப் போனது. "அன்புள்ள பில்லி" எதிர்த் திசையில் நடக்கிறது. மேக்ஸ் எந்தத் தப்பும் செய்யவில்லை. தன்னை மிரட்டி வைத்திருந்த ஒருவன் இல்லாமல் போனதும் ஒரு சிறுமி மூச்சு விட்டுக்கொண்டால் அது பாவமா? நிரபராதி ஒருத்தி தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் தண்டனையை நிறைவேற்றத்தான் இந்தப் பேய் வருகிறது. பதின்ம வயதுத் துக்கத்தை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன பேய்க் கதைகள் குறைவு. மேக்ஸாக நடித்திருக்கும் சேடி சிங்க் கடிதத்தை வாசிக்கும் விதமும் அதற்கு ஏற்றபடி இருக்கிறது. அழுகையைப் பெரிதாக்காமல், பள்ளிக்கூடக் கட்டுரை வாசிப்பவளைப் போலத் தொடங்கி, நடுவில் குரல் உடைகிறது.

அடுத்து வரும் சில நிமிடங்கள்தான் உலகமெங்கும் பேசப்பட்டவை. கூட்டாளிகளில் வேறு இருவரான நான்சியும் ராபினும் ஒரு மனநல மருத்துவமனையில் விக்டர் கிரீல் என்ற பழைய கைதியைச் சந்திக்கிறார்கள். அவராக நடித்திருப்பவர் ராபர்ட் இங்லண்ட். 1984இல் "எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்" பேய்ப் படத்தில் ஃப்ரெடியாக வந்து ஒரு தலைமுறையைத் தூங்கவிடாமல் செய்தவர். ஒரு பாட்டுதான் தன்னை மீட்டது என்று அவர் சொன்னதை வைத்து, ராபின் வாக்கி டாக்கியில் சேதி அனுப்புகிறாள். மேக்ஸுக்குப் பிடித்த பாட்டைப் போடுங்கள்.

அந்தப் பாட்டு இருப்பது ஒரு கேசட்டில். எங்கள் தலைமுறைக்கு அந்தக் கேசட்டின் கனம் தெரியும். பிரிக்பீல்ட்ஸ் கடையில் பாட்டு வரிசையை எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்துப் போய் வாங்கிய பதிவு நாடா. உள்ளட்டையில் நீல மையில் பாட்டின் பெயர்கள், நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலை நுழைத்துச் சுற்ற வேண்டிய இரண்டு பல்சக்கரங்கள். பழைய நாட்களின் ஏக்கத்தை விற்கும் தொடர்களில் இப்படிப்பட்ட பொருள்கள் வெறுமனே மேசையில் கிடக்கும். இங்கே அந்தப் பொருளுக்கு வேலை இருக்கிறது. கேசட்டுகளைக் கொட்டித் தேட வேண்டும், சரியானதை எடுத்து வாக்மேனில் போட வேண்டும், பொத்தானை அழுத்த வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வினாடிகள் ஆகின்றன. மேக்ஸுக்கோ வினாடிகள் இல்லை. காட்சியின் பதற்றம் முழுவதும் 1986ஆம் ஆண்டின் இயந்திரத்திலிருந்தே பிறக்கிறது. ஏக்கம் அலங்காரமாக நில்லாமல் கதையின் எலும்பாக மாறும் இடம் இது.

கேட் புஷ் 1985இல் பாடிய பாட்டு ஒலிக்கிறது. சிவந்த வானத்தின் கீழே, தொலைவில் ஒரு வாசல் திறக்கிறது. அதன் வழியே பகல் வெளிச்சத்தில் தன் உடம்பைப் பிடித்துக்கொண்டு கத்தும் கூட்டாளிகளை மேக்ஸ் பார்க்கிறாள். நினைவுகள் ஒவ்வொன்றாக வருகின்றன. ஓடுகிறாள். அந்தரத்திலிருந்து விழுகிறாள். கூட்டாளிகளில் ஒருவனான லூகஸ் அணைத்துக்கொள்கிறான். வெளிவந்தபோது பிரிட்டனின் பாட்டுத் தரவரிசையில் மூன்றாம் இடம் வரை போன அந்தப் பாட்டு, இந்தக் காட்சிக்குப் பிறகு 2022 ஜூனில் முதலிடத்துக்கு வந்தது.

காட்சி முடிந்ததும் அக்கா மகள் கேட்டாள்: "மாமா, எனக்கு அப்படி ஆச்சுன்னா எந்தப் பாட்டப் போடுவீங்க?" நான் ஒரு படப் பாட்டைச் சொன்னேன். "அது ரெண்டு வருசத்துக்கு முன்னாடி மாமா," என்றாள். அந்தக் கேள்விதான் இந்த அத்தியாயத்தின் வெற்றி என்று நினைக்கிறேன். மந்திரம், ஆயுதம், தெய்வம் எதுவும் மேக்ஸைக் காப்பாற்றவில்லை. அவளுக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும் என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். நம் முனியாண்டி கோயில்களில் உடுக்கை அடித்துப் பாடும்போது ஊருக்கெல்லாம் ஒரே பாட்டு. அது சாமியை வரவழைக்கும் பாட்டு. இங்கே ஆளுக்கொரு பாட்டு, போன ஆளைத் திருப்பி அழைக்கும் பாட்டு. ஊர் கூடி நிற்காத ஒரு காலத்துக்கு இதுதான் உடுக்கை போலும்.

இனி குறைகள். முதலில், நடுநடுவே வரும் மற்றக் கிளைக்கதைகள். கலிபோர்னியாவில் துப்பாக்கிச் சண்டை, பீட்சா வண்டியில் தப்பித்தல். ரஷ்யாவில் ஹாப்பர் என்றொரு பாத்திரம் பனியில் தப்பி மீண்டும் சிக்குதல். அலாஸ்காவில் ஒரு துரோகம். ஒன்றேகால் மணி நேரத்தில் கணிசமான பகுதியை இவை தின்கின்றன. சண்டைக் காட்சி திறமையாக எடுக்கப்பட்டதுதான், மறுக்கவில்லை. ஆனால் மேக்ஸின் கடிதத்தோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கொடூர ரஷ்யர்கள் என்பது எண்பதுகளின் படங்களிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிய சுவரொட்டி.

இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறொன்று. இரண்டாம் பருவத்தில் பில்லி லூகஸை என்ன செய்தான்? கறுப்பினப் பையனோடு பழகாதே என்ற அர்த்தத்தில் மேக்ஸை மிரட்டினான். சிறுவர்கள் மேல் காரை ஏற்றப் பார்த்தான். லூகஸைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான். அந்த பில்லியின் கல்லறைக்குத்தான் இப்போது லூகஸ் துணைக்கு வருகிறான். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. லூகஸின் வாயிலும் இல்லை. மேக்ஸின் நிம்மதிக்கு ஆயிரம் காரணம் உண்டு; அவற்றில் ஒன்று பக்கத்திலேயே உயிரோடு நிற்கிறது, எழுத்தாளர் அதைத் தொடவே இல்லை. தொட்டிருந்தால் பில்லிக்காக நாம் விடும் கண்ணீர் கொஞ்சம் குறைந்திருக்கும். அது நடக்கக்கூடாது என்று நினைத்திருக்கிறார்கள்.

இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதற்கு நான் வாழும் கம்போங் மேடானும் ஒரு காரணம். தோட்டங்களை விட்டு வந்தவர்கள் புறம்போக்கு நிலத்தில் பலகை வீடு கட்டிக் குடியேறிய பகுதி இது. பழைய கதை பேசும் பெரியவர்கள் தண்ணீர்க் குழாயடி, திருவிழா, பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா கொடுத்த பலகாரம் எல்லாவற்றையும் சொல்வார்கள். 2001 மார்ச் வந்ததும் பேச்சு நின்றுவிடும். அந்த மாதம் இங்கே நடந்த இனக் கலவரத்தில் ஆறு பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் இந்தியர்கள். பலகாரமும் உண்மை, மார்ச்சும் உண்மை. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும் ஏக்கம் எப்படிப்பட்டது என்று இங்கே வளர்ந்தவனுக்குத் தெரியும். அதனால்தான் கல்லறைத் தோட்டத்தில் லூகஸ் பேசாமல் நிற்கும்போது என் கண் மேக்ஸை விட்டு அவன் பக்கம் போகிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. மேக்ஸின் கதை, அதிலும் கடிதத்தில் தொடங்கி அவள் அந்தரத்திலிருந்து விழும் வரையிலான பகுதி, இந்தத் தொடர் எட்டிய உச்சம். கேசட்டும் பாட்டும் கூட்டாளிகளும் ஒரே முடிச்சாக இறுகும் எழுத்தும் இயக்கமும் அங்கே இருக்கின்றன. அத்தியாயம் முழுவதையும் அந்த வரிசையில் வைக்க முடியாது. ரஷ்யாவும் கலிபோர்னியாவும் அதன் நீளத்தைக் கூட்டியிருக்கின்றன, பலத்தைக் கூட்டவில்லை. லூகஸுக்குக் கொடுக்க வேண்டிய ஒரு நிமிடத்தைக் கொடுக்காமல் விட்டதுதான் இதன் உண்மையான பிழை. தொடரை இதுவரை பார்க்காதவர்கள் இரண்டாம் பருவத்தைப் பார்த்துவிட்டு இந்த அத்தியாயத்துக்கு வாருங்கள்; அப்போது அந்த மௌனம் உங்களுக்கும் கேட்கும்.