எதிரே யார்?

காரைக்குடியில் பேரனுக்கு நின்டெண்டோ 'ஸ்விட்ச் 2' வேண்டுமாம். 2025 ஜூனில் அமெரிக்காவில் வெளிவந்தபோது விலை 450 டாலர். 'மரியோ கார்ட் வேர்ல்ட்' தனியாக வாங்கினால் இன்னொரு 80. 7.9 அங்குலத் திரை ஜோர். சார்ஜ்தான், ஆட்டத்தைப் பொறுத்து, இரண்டிலிருந்து ஆறரை மணி நேரம்.

திரையை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது. இதே கம்பெனியின் 1989 கேம் பாய்க்குக் கலரே கிடையாது. இருந்தும், கலர் காட்டிய அடாரி லின்க்ஸை விற்பனையில் தூக்கிச் சாப்பிட்டது. நாலு பென்சில் பாட்டரி ரொம்ப நேரம் தாங்கும். கேபிள் மாட்டி இரண்டு பேர் டெட்ரிஸ் ஆடலாம்.

எங்கள் ஊர் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் பல்லாங்குழியும் அந்த ஜாதிதான். பதினாலு குழி. சார்ஜ் வேண்டாம், எதிரே ஆள் வேண்டும். ஸ்விட்சிலும் பக்கத்துக் கன்ட்ரோலர்களைக் கழற்றி ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளலாம்.

'யாரோட ஆடுவே?' என்றேன்.

'உங்களோடதான் ஐயா.'

வாங்கலாம். கேம் மட்டும் ஒன்றே ஒன்று.