பைலா என்னும் பெயரும் மலையகத் தப்பும்

அட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் திருமண வீடுகளிலும் பண்டிகை இரவுகளிலும் பைலா ஒலிக்கக் கேட்கிறோம். ஆடுதலைக் குறிக்கும் 'பைலார்' என்னும் போர்த்துக்கேய வினையினின்றும் இப்பெயர் பிறந்ததெனக் கூறி அமைவது வழக்கம். ஆயின், போர்த்துக்கேயர் மலைநாட்டை ஒருபோதும் ஆண்டிலர்; கண்டி இராச்சியம் 1815இல் பிரித்தானியரிடமே வீழ்ந்தது. கரையோரச் சொல் லயங்களை எட்டியது பெரிதும் இசைத்தட்டு, வானொலி வழியாகவே எனலாம். ஏ. ஈ. மனோகரன் பாடிய 'சுராங்கனி' சிங்களமும் தமிழும் கலந்து ஒலித்தமை அவ்வழியை எளிதாக்கிற்று.

பைலாவுக்கு மூலமான இசைக்குக் கஃபிரிஞ்ஞா என்று பெயர். இச்சொல்லே ஒரு கலப்பு. இசுலாத்தை ஏற்காதவரைச் சுட்டிய 'காபிர்' என்னும் அரபுச் சொல், போர்த்துக்கேயர் வாயில் ஆபிரிக்கரின் பெயராயிற்று. நாம் அதனைக் 'காப்பிரி' என்றோம். 'இஞ்ஞா' என்பது சிறுமைப்பொருள் தரும் போர்த்துக்கேய விகுதி. அடிமைகளாகவும் படையினராகவும் கொணரப்பட்டோரின் தாளத்துக்கு அவர்தம் எசமானர் இட்ட பெயர் இது. இருபதாம் நூற்றாண்டில் வொலி பஸ்தியன் அதன் ஆறெட்டுத் தாளத்தைச் சிங்களப் பாடலுக்கு இசைவித்தார். பின்னர் நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தின் விருந்துகளில் நிலைபெற்ற பெயர் பைலா என்பதே. ஆடும் வினை எஞ்சியது; ஆடிய மக்கள் பெயரினின்று நீங்கினர்.

தோட்டத்துச் சொற்களின் வரலாறு வேறு. 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல்லை லயம் என்றும், 'பரேட்' என்பதைப் பிரட்டு என்றும் தொழிலாளரே தம் நாவுக்கேற்பத் திருத்திக்கொண்டனர். (இசைநூலார் கூறும் லயம் வடசொல், பத்தடி அறையில் வாழ்ந்தோர் அதனை அறிந்து பெயரிட்டாரல்லர்.) விடியலிற் பிரட்டுக்கு ஆளழைத்த தப்பே மாசி, பங்குனியிற் காமன் கூத்துக்கும் முழங்கிற்று. உழைப்புக்கும் கலைக்கும் ஒரே கருவி. அதனை அடித்தோர் சாதியால் ஒதுக்கப்பட்டோர் என்பதும் மறைக்கத்தக்கதன்று.

கற்ற இளைஞர் சிலர் அப்பெயரைச் சொல்லக் கூசுவதை நாம் பழிக்க மாட்டோம். இழிவைச் சுமந்தவர்க்கே அதன் பாரம் தெரியும். எனினும், கஃபிரிஞ்ஞாவையும் தப்பையும் ஒரு தட்டில் வைத்தலாகாது. முன்னையது எசமானர் இட்ட இழிபெயர். அது பொதுவழக்கிற் குன்றியமைக்கு நாம் வருந்த வேண்டியதில்லை. தப்பு, அதனை அடித்தோர் தம் ஊரினின்றும் உடன்கொண்டு வந்த சொல். நாம் கண்ட கலைவிழா அழைப்பிதழ்கள் சிலவற்றில் அது 'பாரம்பரிய வாத்தியம்' ஆகிவிட்டது. அடிப்போரின் பெயர்களும் அவற்றில் இல்லை.