உடைசலும் உருவமும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளில் பழைய இரும்பு உருகிக் கம்பியாகிறது. காயலான் கடை வழியாக வந்த சைக்கிள் ஃப்ரேமும் கதவுக் கீலும் பல்சக்கரமும் உலையில் தம் உருவத்தையும், அதோடு ஒட்டிய பிழைப்பையும் இழந்த பிறகே மறுபயன் பெறுகின்றன. தொழிலுக்கு இது சரி. கலைக்கு இது எதிர்வழி. உடைசலால் ஆன படைப்பில், பொருளின் பழைய வாழ்வு புதிய உருவத்துக்குள்ளும் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

சண்டிகரில் நேக் சந்த் கட்டிய பாறைத் தோட்டம் இதற்குச் சான்று. பொதுப்பணித் துறையில் சாலை இன்ஸ்பெக்டராக இருந்தவர் அவர். லெ கார்பூசியேயின் திட்ட நகரத்துக்காகக் கிராமங்கள் இடிக்கப்பட்டன. அந்த உடைசலை, 1957 வாக்கிலிருந்து, ஆபீஸ் முடிந்தபின் சைக்கிளில் சுமந்துபோய்க் காட்டுக்குள் ரகசியமாக அடுக்கினார். 1975இல் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது சட்டப்படி அது ஆக்கிரமிப்பு. 1976இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

‘குப்பையில் கலை’ என்று வியப்பதோடு நம் பத்திரிகைகள் நின்றுவிடுகின்றன. உடைந்த வளையல் அங்கே உடைந்த வளையலாகவே, ஒரு பெண்ணுருவின் உடையாக இருக்கிறது. வாசல்கள் தாழ்வானவை, குனிந்துதான் நுழைய வேண்டும். பிற்பகுதியில் பெரிய வளைவுகளில் ஊஞ்சல்கள் தொங்குகின்றன. பார்க்க வந்தவனின் முதுகும் காலும் சேர்ந்துதான் இந்த உருவம் பூர்த்தியாகிறது. வரிசையாக நிற்கும் பொம்மைகளில் கொலுப்படியின் அலுப்பு தட்டுவதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த அலுப்பு சிற்பத்தினுடையது, கட்டுமானத்தினுடையது அல்ல.

2019இல் டில்லியில் திறக்கப்பட்ட பூங்காவை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சுமார் 150 டன் பழைய இரும்பில் தாஜ்மகால், ஈஃபில் கோபுரம் உள்ளிட்ட உலக அதிசயங்கள் ஏழின் நகல்கள். அங்கே இரும்பு தன்னைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. இன்னொன்றின் வேஷம் கட்டிக்கொண்டு நிற்கிறது. பார்வையாளனுக்கு எதிரே நின்று படமெடுத்துக்கொள்வதைத் தவிர வேலையில்லை. உலை செய்வதைத்தான் இந்த நகலும் வேறு வழியில் செய்கிறது.

இது வெறும் ரசனைத் தகராறு அல்ல. 1990 வாக்கில் சாலைக்காகப் பாறைத் தோட்டத்தை இடிக்க புல்டோசர்கள் வந்தபோது மக்கள் கைகோத்துக் குறுக்கே நின்றார்கள். 2025 மார்ச்சில், உயர்நீதிமன்ற வாகன நிறுத்தத்துக்காகவும் சாலை அகலத்துக்காகவும் அதன் மதிலின் ஒரு பகுதியை நிர்வாகம் இடித்தது. அப்போதும் ஊர்க்காரர்கள் வந்து நின்றார்கள், இம்முறை பலனில்லாமல். குனிந்து நுழைந்து, ஊஞ்சலாடிய இடத்தை மனிதன் தன்னுடையதாக எண்ணுகிறான். நகலுக்காக எவன் புல்டோசரின் முன் நிற்பான்?

திருவள்ளூரிலோ கும்மிடிப்பூண்டியிலோ இப்படியொன்று எழுப்ப நேர்ந்தால், நான் கேட்பது ஒன்றே. மயிலும் மீனும் செய்து கம்பிவேலி போட வேண்டாம். ஷிப்ட் முடிந்து வரும் தொழிலாளி, தான் சுழற்றிய சக்கரத்தை அதில் இன்னதென்று அடையாளம் காணட்டும்; அதன்மேல் கொஞ்சநேரம் உட்காரவும் செய்யட்டும்.