ப்ரீஆம்பில் ரெசிஸ்டர்: எந்த இடத்தில் எந்த ரகம்

ஒரு ப்ரீஆம்பின் மூடியைக் கழற்றினால், எண்ணிக்கையில் மற்ற பாகங்களை மிஞ்சி நிற்பவை ரெசிஸ்டர்கள்தான். விலையில் அவற்றுக்குள் இருக்கும் தூரமும் பெரிது. சாதாரண மெட்டல் ஃபிலிம் ஓரிரு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மெட்டல் ஃபாயில் ரகம் பல நூறு ரூபாய். அந்த வித்தியாசம் காதுக்கு எட்டுமா என்பதை ரெசிஸ்டரின் பிராண்டைவிட, சர்க்யூட்டில் அது நிற்கும் இடம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

முதலில் வெப்ப இரைச்சல். பெல் ஆய்வகத்தில் ஜான்சன் இதை அளந்தார். நைக்விஸ்ட் 1928இல் கணக்கோடு விளக்கினார். மின்னோட்டமே இல்லாவிட்டாலும் ரெசிஸ்டர் இந்த இரைச்சலைத் தரும். ஒரே அலைவெண் அகலத்தில் பார்த்தால், அளவை நிர்ணயிப்பவை ஓம் மதிப்பும் வெப்பநிலையும் மட்டுமே. எந்தப் பொருளால் செய்தது என்பதற்கு இதில் வேலை இல்லை. 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில், அறை வெப்பநிலையில், 1 கிலோஓம் ஏறத்தாழ 0.6 மைக்ரோவோல்ட் தரும். 100 கிலோஓம் 5.8 தரும். எவ்வளவு விலை கொடுத்தாலும் இந்த எண் இறங்காது. ஓம் மதிப்பைக் குறைத்தால் இறங்கும். என்இ5532 ஐசியின் சொந்த இரைச்சல் இதே அகலத்தில் சுமார் 0.7 மைக்ரோவோல்ட். அதன் ஃபீட்பேக் ஜோடியாக 10, 100 கிலோஓம் போட்டால் அந்த ரெசிஸ்டர்கள் மட்டுமே 1.7 மைக்ரோவோல்ட் சேர்க்கும். 1, 10 கிலோஓம் போட்டால் பெருக்கம் மாறாமல் அது 0.6க்குள் அடங்கிவிடும். கடையில் மிக மலிவான ரெசிஸ்டரை வாங்கியே செய்யக்கூடிய முன்னேற்றம் இது.

பொருளின் குணம் தலைகாட்டுவது மிகை இரைச்சலில். ரெசிஸ்டரின் குறுக்கே டி.சி. மின்னழுத்தம் இருந்தால்தான் இது பிறக்கும். மின்னழுத்தம் ஏற ஏற இதுவும் ஏறும். அலைவெண் குறையக் குறையக் கூடும். இசிசி83 வால்வின் ஆனோடு ரெசிஸ்டர் இதற்குச் சரியான உதாரணம். 300 வோல்ட் சப்ளையில் 100 கிலோஓம் வழியே 1.2 மில்லிஆம்பியர் ஓடினால், ரெசிஸ்டரின் குறுக்கே 120 வோல்ட் நிற்கும். கார்பன் காம்போசிஷன் ரகம், ஒவ்வொரு பத்து மடங்கு அலைவெண் இடைவெளிக்கும், வோல்ட்டுக்கு 1 மைக்ரோவோல்ட் அளவில் இரைச்சல் தருவது சாதாரணம். கேட்கும் எல்லைக்குள் அப்படி மூன்று இடைவெளிகள். கூட்டினால் 200 மைக்ரோவோல்ட்டைத் தாண்டும். வெப்ப இரைச்சலைப் போல முப்பது மடங்குக்கு மேல். நல்ல மெட்டல் ஃபிலிமில் இது 10 மைக்ரோவோல்ட்டைச் சுற்றியே இருக்கும். வால்வின் உள்தடை இரண்டையும் பாதிக்குக் கீழே இறக்கிவிடும் என்றாலும் விகிதம் அப்படியே நிற்கும். ஃபோனோ நிலையின் முதல் வால்வு என்றால் நிலைமை இன்னும் மோசம்: ஆர்ஐஏஏ சமன்படுத்தல் தாழ்ந்த அலைவெண்களைத் தூக்கும், மிகை இரைச்சலும் அங்கேதான் குவிந்திருக்கிறது. பாட்டு நின்ற இடைவெளியில் ஒலிபெருக்கியிலிருந்து வரும் கரகரப்பின் ஒரு பகுதி இதுதான்.

அப்படியானால் பழைய கார்பன் காம்போசிஷனை ஏன் இன்னும் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள்? அதன் தடை மதிப்பு மின்னழுத்தத்துக்கேற்பச் சற்று மாறும். டி.சி.யின் மேல் பெரிய சிக்னல் ஏறும்போது இந்த மாற்றம் இரண்டாம் ஹார்மோனிக்கைச் சேர்க்கிறது. கிடார் ஆம்பில் பல பத்து வோல்ட் ஆடும் இடத்தில் அது ‘இதமான’ ஒலியாகக் கேட்கலாம். ஃபோனோ ப்ரீஆம்பின் முதல் நிலையிலோ ஆனோடில் ஆடுவது ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. இதம் வராது, கரகரப்பு மட்டும் வரும். போதாததற்கு, ஈரப்பதத்திலும் வயதிலும் இதன் மதிப்பு மேலே நகர்ந்துகொண்டே போகும். கிரிட் ஸ்டாப்பராக வைத்தால் கெடுதல் இல்லை, அங்கே டி.சி. கிடையாது, இண்டக்டன்ஸ் குறைவு என்பதும் உதவும்.

ரெசிஸ்டர் மாற்றியதும் ஒலிமேடை விரிந்தது, பாடகர் நடுவில் வந்து நின்றார் என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. காரணம்தான் பெரும்பாலும் வேறு. 5 சதவீத ரெசிஸ்டரில் ஒரு சேனல் ஒரு பக்கமும் மறு சேனல் எதிர்ப்பக்கமும் விலகினால் இரண்டுக்கும் இடையே 0.9 டெசிபெல் வரை வித்தியாசம் விழும். 1 சதவீத ரகத்தில் அது 0.2க்குள் நிற்கும். பழையதைக் கழற்றியதும் மீட்டரில் அளந்து பார்த்தாலே பாதி மர்மம் தீர்ந்துவிடும். ஆர்ஐஏஏ வலையில் இந்தத் துல்லியம் இன்னும் முக்கியம்.

கம்பி சுற்றிய ஒயர்வவுண்ட் ரகத்தில் மிகை இரைச்சல் இல்லை எனலாம். அதன் இண்டக்டன்ஸ் பற்றிய பயம் ஆடியோ அலைவெண்களில் தேவையற்றது. ஃபீலிக்ஸ் சாண்ட்மன் 1962இல் விஷே நிறுவனத்தைத் தொடங்கிக் கொண்டுவந்த மெட்டல் ஃபாயில், அளவைக் கருவிகளுக்கான அற்புதம்: ஒரு டிகிரிக்கு 2 பிபிஎம் அளவே நகரும். 50 பிபிஎம் மெட்டல் ஃபிலிமோடு ஒப்பிட்டால் ப்ரீஆம்பில் அதன் பலன் மிகச் சொற்பம். பணம் மிச்சம் இருந்தால் ஆனோடு ரெசிஸ்டர்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வால்யூம் கட்டுப்பாடும் ஒரு ரெசிஸ்டர்தான். தவறான தேர்வு மிகத் தெளிவாகக் கேட்பதும் இங்கேதான். பாஸிவ் ப்ரீஆம்பில் 100 கிலோஓம் பொட்டன்ஷியோமீட்டரை (சுருக்கமாக ‘பாட்’) நடுத்தடையில் நிறுத்தினால் வெளியீட்டுத் தடை 25 கிலோஓம். அதிலிருந்து பவர் ஆம்ப் வரை 500 பிகோஃபாரட் உள்ள நீண்ட கேபிள் ஓடினால், சுமார் 12.7 கிலோஹெர்ட்ஸிலேயே ஒலி 3 டெசிபெல் இறங்கிவிடும். ஜால்ராவின் மினுமினுப்பு மங்கும். 10 கிலோஓம் பாட்டில் அந்தப் புள்ளி 127 கிலோஹெர்ட்ஸுக்குத் தள்ளிப்போகும். சிக்னல் தரும் கருவி 10 கிலோஓம் சுமையைத் தாங்காத வால்வு வகை என்றால், பெரிய பாட்டையே வைத்து அதன் பின்னால் ஒரு பஃபரைச் சேர்ப்பதே வழி.