நடக்கும் தாளமும் அமர்ந்த நரம்பும்: சார்லி ஹண்டரின் கிட்டார் இசை

தமிழில் 'நடை' என்னும் சொல் கால் நடப்பதையும் தாளத்தின் உட்பகுப்பையும் ஒருங்கே குறிக்கும். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பித்தளை வாத்தியக் குழுக்களின் இசையை விளக்க இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. அங்குத் தாளம் நடையிலிருந்தே பிறக்கிறது. அத்தாளம் தற்கால ஜாஸ் கிட்டாருக்குள் புகும்போது எதைப் பெறுகிறது, எதை இழக்கிறது என்பதைச் சார்லி ஹண்டரின் இரு இசைத்தொகுப்புகளை முன்வைத்து ஈண்டு நாம் நோக்குவோம்.

அக்குழுக்களின் தாள அமைப்பு மூவரைச் சார்ந்தது. ஒருவர் பெருமுரசைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு கையால் அதனை அறைவார். மறு கையால் அதன்மேல் பொருத்தப்பட்ட சிம்பலைத் தட்டுவார். இன்னொருவர் ஸ்னேர் டிரம்மில் விரைவான அடிகளை நிரப்புவார். மூன்றாமவர் உடலைச் சுற்றி வளைந்த சூசஃபோனில் அடித்தள ஒலியை ஊதுவார். ஒருவரது அடிக்கும் மற்றவரது அடிக்கும் இடையே மயிரிழை அளவு விலகல் உண்டு. அவ்விலகலே கேட்போரை ஆடவைக்கிறது. குழுவைப் பின்தொடர்ந்து ஆடிவரும் மக்கள் 'செகண்ட் லைன்', அதாவது இரண்டாம் வரிசை, எனப்படுவர். அவர்தம் காலடியும் இவ்விசையின் ஓர் உறுப்பே ஆகும்.

இவ்வமைப்பில் கிட்டாருக்கு இடமில்லை. வீதியில் முழங்கும் பித்தளைக் கருவிகளுக்கு முன் நரம்பொலி எடுபடாது. ஆயினும், நலிந்துகொண்டிருந்த ஊர்வல மரபுக்கு 1970களின் தொடக்கத்தில் புத்துயிர் அளித்தவர் கிட்டாரும் பேஞ்சோவும் வாசித்த டேனி பார்க்கர் (1909–1994) என்பது கருதத்தக்கது. ஃபேர்வியூ பாப்டிஸ்ட் தேவாலயத்தின் சார்பில் சிறுவர்களைக் கொண்டு அவர் அமைத்த குழுவின் வழிவந்ததே 1977இல் தோன்றிய டர்ட்டி டசன் பிராஸ் பேண்ட். பிபாப்பையும் ஃபங்க்கையும் வீதித் தாளத்தோடு இணைத்த பெருமை அக்குழுவுக்கு உண்டு. பார்க்கர் தம் கருவியை ஊர்வலத்தில் புகுத்தவில்லை. மரபைப் பிறர் கையில் ஒப்படைத்தார்.

1967இல் பிறந்த ஹண்டர் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்தவர் அல்லர். கலிபோர்னியாவின் பெர்க்லியில் வளர்ந்தவர். 1990களில் அவர் எட்டு நரம்புக் கிட்டாரால் புகழ்பெற்றார். அதன் மூன்று நரம்புகள் தாழ்சுரங்களுக்கும் ஐந்து நரம்புகள் மேற்சுரங்களுக்கும் உரியவை. பின்னர் ஏழு நரம்புக் கருவிக்கு மாறினார். கட்டைவிரல் தாழ்சுரத்தை இயக்க, ஏனைய விரல்கள் மெட்டையும் ஒத்திசையையும் இசைக்கின்றன. சூசஃபோனின் பணியும் கிட்டாரின் பணியும் ஒரே கையில் அடங்கிவிடுகின்றன.

இத்திறம் வியப்புக்குரியது. எனினும் வியப்பு வேறு, இசை வேறு. இருவர்க்கிடையே பிறந்த விலகலை ஒருவரே தம் விரல்களுக்குள் உண்டாக்கும்போது அது உரையாடலாக நிற்குமா, தனிமொழியாகச் சுருங்குமா? காலால் மிதிக்கும் கருவி வந்தபின் பெருமுரசும் ஸ்னேரும் ஒருவரிடமே சேர்ந்தன. அதனால் ஜாஸ் அழியவில்லை என வாதிடலாம். அவ்வாதம் ஏற்கத்தக்கதே. ஆனால் அக்கலைஞரும் பிறரோடு சேர்ந்தே வாசித்தார் என்பதை மறத்தலாகாது.

ஹண்டர் இதனை உணர்ந்தவர் என்றே நாம் கருதுகிறோம். 'ஜென்டில்மென்' எனத் தொடங்கும் நீண்ட தலைப்புடைய 2010ஆம் ஆண்டுத் தொகுப்பில் அவர் ஒரு டிரம்பெட்டையும் இரு டிராம்போன்களையும் டிரம்ஸையும் சேர்த்துக்கொண்டார். பித்தளைக் கருவிகள் முன்னிற்க, கிட்டார் பின்னே நின்று நடையைச் சுமக்கிறது. 2015இல் வெளிவந்த 'லெட் த பெல்ஸ் ரிங் ஆன்' தொகுப்பிலோ டிராம்போன் கலைஞர் கர்ட்டிஸ் ஃபோல்க்ஸ், டிரம்ஸ் கலைஞர் பாபி பிரவைட் ஆகிய இருவரே துணை. ஆள் குறையக் குறைய இடைவெளி கூடுகிறது. அவ்விடைவெளியில் டிராம்போன் மனிதக் குரல்போல் பேசுகிறது. நம் மதிப்பீட்டில் இத்தொகுப்பே சிறந்தது. கருவியின் அருமை மறைந்து, மூவர் ஒருவரையொருவர் கேட்பது இதில் வெளிப்படுகிறது.

இங்ஙனமாயினும் ஒரு குறை எஞ்சுகிறது. இவை ஒலிப்பதிவுகள், இரண்டாம் வரிசை இவற்றில் இல்லை. 2005ஆம் ஆண்டு கத்ரீனா புயலின்போது நியூ ஆர்லியன்ஸின் பெரும்பகுதி நீரில் மூழ்கியது. கலைஞர் பலர் சிதறினர். 2006இல் ஊர்வலக் கட்டண உயர்வை எதிர்த்து ஊர்வலச் சங்கங்கள் நீதிமன்றத்தை நாடின. தாளத்தைப் பதிவில் காக்கலாம். அதற்கேற்ப நடக்கும் மக்களையும் வீதியையும் பதிவு காக்க இயலாது என்பதற்கு இது சான்று.

ஆதலின், ஹண்டரின் இசையை ஊர்வல மரபின் மாற்றாகக் கொள்ளாமல் அதன் நினைவாகக் கொள்வதே முறை. அவ்வகையில் அது நேர்மையான நினைவு. ஒருவரே எல்லாம் ஆக முடிந்த கருவியைக் கையில் வைத்துக்கொண்டு பிறர்க்கு இடம்விடுவது எளிதன்று. அவர் அந்த மரபிலிருந்து கற்ற தலையாய பாடம் அதுவே எனலாம்.