கயிறே கவ்வும் கொடி

கொச்சியின் தேவராவில் இருக்கும் எனக்கு ஒரு வேட்டி வெளுக்க இரண்டு பாலம் தாண்ட வேண்டும். வெண்டுருத்திப் பாலம், வில்லிங்டன் தீவு, பிறகு தோப்பும்படி. மட்டாஞ்சேரியின் மிளகு வாசனையை வலப்பக்கம் விட்டுவிட்டு ஃபோர்ட் கொச்சிப் பக்கம் போனால் வெளி. ஊர்ப்பெயரே அதுதான். "வீட்டில்தான் மெஷின் இருக்கிறதே" என்பாள் மனைவி. இருக்கிறது. ஆனால் அதற்குக் கஞ்சிப் பதம் தெரியாது.

அங்குள்ள தோபி கானா என்னும் சலவைக் கூடத்தில் முதலில் வருவது சத்தம்தான். அப்புறம் தமிழ், மலையாளம் ஏறிய தமிழ். டச்சுக்காரர்கள் 1663இல் கொச்சியைப் பிடித்து 1795 வரை வைத்திருந்தார்கள். அவர்களுடைய சிப்பாய்களின் உடுப்பை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்த வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இங்கே துவைப்பவர்கள். டச்சுக்காரன் போனான், இங்கிலீஷ்காரன் வந்தான், அவனும் போனான். அழுக்கு மட்டும் எங்கும் போகவில்லை. குளங்களில் துவைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு 1976இல் ஜி.சி.டி.ஏ. எனப்படும் கிரேட்டர் கொச்சி வளர்ச்சி ஆணையம் இந்தக் கூடத்தைக் கட்டித் தந்தது. வரிசையாகத் தொட்டியும் துவைகல்லுமாக அறைகள். நடத்துவது வண்ணார் சங்கம்.

பிழைக்கப் போன இடத்தில் சங்கம் வைப்பது உலக வழக்கம். அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியர்கள், கப்பலிறங்கும் தம் மக்களுக்குத் துணையாக 1764இலேயே பிலடெல்பியாவில் ஒன்று வைத்தார்கள். பெரிய நூலகத்தோடு இன்றும் இருக்கிறது. எனக்கென்னவோ சங்கம் என்றாலே இந்தத் துவைகல் சத்தம்தான் காதில் விழுகிறது.

கல்லில் ஓங்கி அடிப்பதில் என்ன கலை என்று கேட்பவர்கள் ஒரு கைக்காரரை அரை மணி நேரம் பார்க்க வேண்டும். பொத்தான் உள்ளே போகும்படி சட்டையைச் சுருட்டிக்கொண்டுதான் ஓங்குவார். அடி விழுவது கல்லின் சரிவில். மூச்சை விடும் கணமும் துணி கல்லைத் தொடும் கணமும் ஒன்று.

நான் முக்கியமாகப் போவது கொடியைப் பார்க்க. அத்தனை பெரிய உலர்த்துக் களத்தில் கிளிப் என்பதே தேவையில்லை. இரண்டு புரியாக முறுக்கிய கயிறு. முறுக்கைக் கட்டைவிரலால் சற்றே நெகிழ்த்தி, துணியின் முனையைச் செருகி விட்டுவிடுகிறார்கள். கயிறே கவ்விக்கொள்கிறது. கடல்காற்றில் வேட்டி கப்பல் பாய்போல உப்பும், விடாது. எடுக்கும்போது ஒரே இழுப்பு. துருக்கறை இல்லை, கிள்ளிய தடம் இல்லை. இதைக் கண்டுபிடித்தவர் யாரோ, கும்பிடத் தோன்றும்.

அடுத்தது கஞ்சி. அரிசிக் கஞ்சியை வடித்து, நீர் விட்டு, விரலிடுக்கில் தேய்த்துப் பார்ப்பார்கள். கூடினால் வேட்டி அப்பளம், குறைந்தால் துவண்ட வாழையிலை. மடிப்பு நிற்கவும் வேண்டும், உட்கார்ந்தால் முழங்காலைக் குத்தவும் கூடாது. பிறகு இஸ்திரி. கரி போட்ட கனத்த பெட்டியை அழுத்த வேண்டியதில்லை, அதன் கனமே அழுத்தும். கையின் வேலை அதை நிற்கவிடாமல் ஓட்டுவதுதான்.

இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கொடிக்கு வேலை குறையும். போன வாரம் அப்படித்தான், வானம் மூடிக் கிடந்தது. என் வேட்டியை வாங்கிய பெரியவர் கடல் பக்கம் ஒருமுறை பார்த்தார். "நாளை மறுநாள் வெயில் உண்டு சார். மத்தியானத்துக்கு மேலே வாங்க."

வெயில் அடித்தது.