ஏவலும் அன்பும்: 'மெய்யறம்' பற்றியதோர் ஆராய்ச்சி

இறைவன்பால் அன்புடையார் அவன் ஆணைவழி நிற்றலும் வேண்டுமோ? அன்பொன்றே அமையாதோ? இவ்வினா பழையது, ஆயினும் இந்நாளில் மிகுதியாக எழுகின்றது. திருநீறணிதல், ஐந்தெழுத்தோதல், காலந்தவறாது வழிபடுதல் முதலியன வெறும் புறச்சடங்குகள் என்றும், உள்ளன்பு உண்டாயின் இவை வேண்டா என்றும் இளைஞர் பலர் கூறக் கேட்கின்றோம். மற்றொருசார் அன்பரோ நியமங்களை வழுவாது இயற்றியும், அவற்றைக் கடன்காரனுக்கு வட்டி செலுத்துவார் போலச் செலுத்திவிட்டு அகல்கின்றனர். முன்னையோர் அன்பைக் கொண்டு ஏவலைத் தள்ளினர். பின்னையோர் ஏவலைக் கொண்டு அன்பைத் தள்ளினர். இருதிறத்தாரும் இவ்விரண்டனையும் வெவ்வேறெனக் கருதினமையே பிழையாம். இதனைத் தெளிதற்குக் கரிசல் நிலத்து ஓட்டப்பிடாரத்துப் பிறந்த ஒருவர் இயற்றிய அறநூலை ஈண்டு எடுத்து ஆராய்வாம்.

அவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் தோன்றிய அவரைச் சுதேசிக் கப்பலோட்டிய வீரராக நாடு அறியும்; அறநூலாசிரியராகவும் சைவநூல் உரையாசிரியராகவும் அறிந்தார் சிலரே. 1908-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 12-ஆம் நாள் சிறைப்பட்ட அவர், கோயமுத்தூர்ச் சிறையிற் செக்கிழுத்துப் பின் கண்ணனூர்ச் சிறையில் வைக்கப்பெற்று, 1912-ஆம் ஆண்டு டிசம்பரில் விடுதலையுற்றார். கண்ணனூரில் அவர் இயற்றிய நூலே 'மெய்யறம்'. அது 1914-இல் அச்சேறிற்று. மாணவரியல், இல்வாழ்வியல், அரசியல், அந்தணவியல், மெய்யியல் என ஐந்து இயல்களும், அவற்றுள் 125 அதிகாரங்களும், அதிகாரந்தோறும் பத்துப் பத்து ஓரடிகளும் உடையது. ஒவ்வோரடியும் ஒரு விதியாகவேனும் ஒரு வரையறையாகவேனும் நிற்கின்றது. ஆகவே இது ஏறக்குறைய 1250 கட்டளைகளின் திரட்டு எனலாம்.

இந்நூலின் சிறப்பு அதன் சுருக்கமும் முறைவைப்பும் ஆம். ஏடும் எழுத்தாணியும் எளிதிற் கிட்டாத இடத்தில் இருப்பார்க்கும் ஓரடி மனத்தில் நிற்கும். மாணாக்கனாய்த் தொடங்கி, இல்லறத்தானாய், நாட்டை ஆள்வோனாய், அந்தணனாய் உயர்ந்து, முடிவில் மெய்ப்பொருளைச் சார்தல் என்னும் ஏணி தெளிவாக அமைந்துள்ளது. அரசியலுக்கு ஐம்பது அதிகாரம் வகுத்தமை, அடிமைப்பட்ட நாட்டில் அடைபட்டிருந்த ஒருவரது உள்ளம் எதனை எண்ணிக்கொண்டிருந்தது என்பதைக் காட்டும்.

எனினும் ஒரு குறையை மறைத்தல் திறனாய்வாகாது. ஓரடியில் விதியைக் கூறலாம். அவ்விதியை எவ்வுள்ளத்தோடு ஏற்றல் வேண்டும் என்பதனை விரிக்க இடமில்லை. மேலும் மெய்யியல் ஈற்றில் நிற்றலின், முதலிரண்டு இயல்களை மட்டும் ஓதி நின்றவன் விதிகளைப் பெறுவான். அவ்விதிகளின் உயிரைப் பெறான். திருவள்ளுவர் இல்லறவியலில் விருந்தோம்பலுக்கு முன்னரே அன்புடைமையை வைத்தார். அன்பு முன்னிற்ப விருந்தோம்பல் இன்பமாம். அன்பின்றேல் அதுவே சுமையாம். மெய்யறத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், நூல் விரித்துக் கூறாத இத்தொடர்பைத் தாமே மாணாக்கர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும்.

கட்டளையும் அன்பும் அருகருகே நிற்கும் முறையை யூதர் மறையிற் காணலாம். அவர்தம் தோரா என்னும் மறையில் 613 கட்டளைகள் உள்ளன என்பது அவர் மரபு. அவற்றுள் 248 விதிகள், 365 விலக்குகள். இவ்வெண்ணிக்கையை மட்டும் கேட்பார், 'இஃதென்ன பெருஞ்சுமை!' என்பர். ஆனால் அம்மறையின் ஐந்தாம் நூலாகிய உபாகமத்து ஆறாம் அதிகாரம், இறைவன் ஒருவனே என்று கூறி, அவனை முழு உள்ளத்தோடும் முழு உயிரோடும் முழு ஆற்றலோடும் அன்பு செய்யப் பணிக்கின்றது. பணித்த உடனே அக்கட்டளைகளை நெஞ்சில் வைக்கவும், மக்கட்குக் கற்பிக்கவும், கையிற் கட்டவும், வாயில்நிலையில் எழுதவும் சொல்கின்றது. அன்பு செய் என்பதும் கட்டளையே; கட்டளையைக் கைக்கொள்ளலும் அன்பே. இப்பகுதியைக் காலையில் ஓதுமுன் அவர்கள் கூறும் துதி, கட்டளைகளைக் கற்பித்தமையையே இறைவன் தம்பாற் கொண்ட பேரன்பின் அடையாளமாகப் போற்றுகின்றது. கூலி கருதிப் பணிசெய்யற்க என்னும் அறிவுரையும் அவர்தம் பழைய நூலில் உண்டு. ஆண்டுதோறும் மறைச்சுருளை ஏந்தி மகிழ்ந்தாடும் விழா ஒன்றும் அவர்க்கு உளது. 1568-இல் கட்டப்பெற்ற கொச்சி மட்டாஞ்சேரித் தொழுகைக்கூடத்தில் இம்மரபினர் பல தலைமுறை வழிபட்டனர். சுமையெனக் கருதுவோர் அச்சுமையை ஏந்தி ஆடுவரோ?

நம் சித்தாந்தம் இதனினும் நுண்ணிதாக இவ்வுறவை விளக்கியுள்ளது. சிவஞானபோதத்துப் பத்தாஞ்சூத்திரம், உயிர் இறைவனோடு ஒன்றாகி அவன் பணியில் நிற்றலைக் கூறி, அங்ஙனம் நிற்பார்க்கு மலமும் மாயையும் வல்வினையும் இல்லையென்கின்றது. பதினோராஞ்சூத்திரம், கண்ணுக்கு உயிர் காட்டியும் கண்டும் நிற்றல்போல உயிர்க்கு இறைவன் நிற்கும் உபகாரத்தைக் காட்டி, மறவாத அன்பினால் அவன் திருவடி எய்துமாறு உரைக்கின்றது. பன்னிரண்டாஞ்சூத்திரம், மலங்கழுவி அடியாரொடு கூடி, அவர் திருவேடத்தையும் ஆலயத்தையும் இறைவனெனவே தொழப் பணிக்கின்றது. இம்முறைவைப்பை அன்பர்கள் ஊன்றி நோக்குக. முதலிற் பணி, நடுவில் அன்பு, பின்னர் வழிபாட்டொழுக்கம். அன்பு வந்தபின் நியமம் வேண்டா என்பது மெய்கண்டார் கருத்தாயின், பதினோராஞ்சூத்திரத்தோடு நூல் முடிந்திருத்தல் வேண்டும். அவ்வாறு முடியவில்லை. பணியானது அன்புக்கு நிலமாயும், அன்பு கனிந்தபின் அதுவே அதன் இயல்பாயும் நிற்கின்றது என்பதே பெறப்படும்.

'கண்ணப்பர் ஆகமவிதியை அறியார். அவர்க்கு அன்பே அமைந்ததன்றோ?' எனின், அமைந்தது உண்மை. சிவகோசரியார் கனவில் இறைவன் தோன்றி அவ்வேடர் செயலெல்லாம் தனக்கு இனியவாம் என அருளினான். ஆனால், 'உன் பூசையை விடுக' என்று அருளியதாகச் சேக்கிழார் பாடிற்றிலர். அடுத்த நாளும் அம்முனிவர் பொன்முகலியில் மூழ்கி, முன்போலப் பூசித்த பின்னரே மறைந்து நின்றார். விதியைக் கைக்கொண்டவர்க்கு அன்பின் உயரம் காட்டப்பட்டது, விதி பறிக்கப்படவில்லை. கண்ணப்பர் அன்பு தமக்கு உண்டென்பார், அவர் கண்ணைப் பெயர்த்த கையும் தமக்கு உண்டோ என வினவிக்கொள்வாராக.

இனி மற்றொன்று. ஆட்சியாளர் ஏவலை மறுத்துச் சிறைசென்ற ஒருவர் ஏவல்நூல் இயற்றியது முரணன்றோ எனின், அன்று. பல்லவ மன்னன் அழைப்புக்கு உடன்படாது, யாம் எவர்க்கும் குடியல்லோம் என மறுத்த அப்பரடிகளே உழவாரப்படை ஏந்தித் திருக்கோயில் முற்றங்களைச் செதுக்கினார். அச்சத்தாற் கீழ்ப்படிதல் வேறு. அன்பாற் கீழ்ப்படிதல் வேறு. செக்கிழுத்தமை முன்னதன் பாற்படும். அடைபட்ட அறையில் இருந்தும் அறநூல் யாத்தமை பின்னதன் பாற்படும். எவரும் ஏவாதிருக்கவும் தாமே தம்மை அறத்தின் ஏவலுக்கு உட்படுத்தினார் என்க.

மெய்யறம் வெளிவந்து இருபத்தோராண்டு கழிந்தபின், 1935-இல், சிதம்பரம் பிள்ளை சிவஞானபோதத்துக்கு உரை வெளியிட்டார். அடுத்த ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் தூத்துக்குடியில் மறைந்தார். விதிகளைத் தொகுத்தவர் தம் முதுமையில், விதிக்கும் அன்புக்கும் உள்ள உறவைக் கூறும் நூலினிடத்து வந்து சேர்ந்தது நமக்குப் பொருளுடையதாகத் தோன்றுகின்றது. ஆகலின் மெய்யறத்தைத் தனியே ஓதாது, சிவஞானபோதத்து ஈற்று மூன்று சூத்திரங்களோடு வைத்து ஓதுதலே நன்றாம். அப்பொழுது அதன் ஓரடிகள் வறண்டு தோன்றா.

கரிசல் நிலத்து உழவன் மழைக்கு முன்னரே உழுதுவைக்கின்றான். பருவம் அவனை ஏவுகின்றது. அவ்வேவலை அவன் சிறுமையாக எண்ணுவதில்லை. நிலத்தின்பாற் காதலுடையனாதலின் அதன் காலத்துக்குக் கட்டுப்படுகின்றான். காதலுண்டெனக் கூறிக் கலப்பையைத் தொடாதவனை ஊரார் நகுவர். வானம் நோக்கி வாழும் அவ்வுழவன் அறிந்த இதனை, திருவருள் நோக்கி வாழும் நாம் அறியாதிருத்தல் தகுமோ? நாள்தோறும் நாம் அணியும் நீறும் ஓதும் எழுத்தைந்தும் அன்பின் உழவாகுக. திருவருள் துணைசெய்க.